முதல் கேம் போச்சு, ரெண்டாவது கேம்ல எதை மாத்தறது?

ஃபைட்டிங் கேம்ல, மூணுல ரெண்டு கேம் எடுத்தவரு ஜெயிக்கற பெஸ்ட் ஆஃப் த்ரீ செட்ல முதல் கேம் தோத்த உடனே யோசிக்க கிடைக்கறது சில செகண்டுதான். அதுக்குள்ள ஒரு முடிவு எடுத்தாகணும். ஆடுன மாதிரியே ஆடறதா, எதிராளி அடுத்து என்ன பண்ணுவாருன்னு ஊகிச்சு அதுக்கு எதிரா அடிக்கறதா, அவருக்கு ஒரு பழக்கத்தை நாமளே உண்டாக்கி அதுலயே மாட்ட வைக்கறதா, ஆட்டத்தோட வேகத்தை மாத்தறதா, இல்ல பேசாம கேரக்டரையே மாத்திடறதா. "அடாப்ட் பண்ணு ப்ரோ"ன்னு எல்லாரும் சொல்லிட்டு போயிடுவாங்க, எதைன்னு திருப்பி கேட்டா ஆளையே காணோம். அதனால இந்த அஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம். உதாரணம் பெரும்பாலும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல இருந்து வரும், டெக்கன் 8 கொஞ்சம் எட்டிப் பாக்கும், மத்த கேம் ஆடறவங்க பேரை மட்டும் மாத்தி படிச்சுக்கோங்க.

முதல்ல எவ்ளோ டைம் மிச்சம் இருக்குன்னு பாருங்க. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ராங்க்ட்ல ரெண்டு கேம் எடுத்தா செட் முடிஞ்சது, ஒவ்வொரு கேமும் ரெண்டு ரவுண்டு எடுத்தா முடிஞ்சது. முதல் கேம் போயிருச்சுன்னா இனிமே நீங்க ஆடப் போறது குறைஞ்சது 2 ரவுண்டு, ரொம்ப இழுத்தா 6 ரவுண்டு. அவ்ளோதான். ஃபர்ஸ்ட் டு டென் (முதல்ல பத்து கேம் எடுக்கறவருக்கு வெற்றி) மாதிரி நீள செட்ல இருபது ரவுண்டுக்கு குறையாது, அம்பதை தாண்டியும் போகலாம், அங்க பத்து நிமிஷம் எதிராளிய படிச்சுட்டு அப்புறம் ஆட ஆரம்பிச்சா கூட நேரம் இருக்கும். ஷார்ட் செட்ல கத்துக்கறதுக்கு ஆகற செலவும் ரவுண்டுல இருந்துதான் கழியும், இது நிறைய பேருக்கு மண்டைல ஏறவே மாட்டேங்குது.

அடுத்தது, எப்படி தோத்தோம். இதை பாக்காம எந்த ஆப்ஷன எடுத்தாலும் குருட்டாம்போக்குதான். வாங்குன அடிய மூணு கூடையா பிரிக்கலாம். ஒண்ணு தெரியாம வாங்குன அடி, உதாரணத்துக்கு டெக்கன்ல ஒரு ஸ்ட்ரிங்ல, அதாவது அடுத்தடுத்து வர்ற அடி வரிசைல, ரெண்டாவது அடி ஹை, குனிஞ்சா தலைக்கு மேல போயிடும், நமக்கு அது தெரியாது, நின்னு பிளாக் பண்ணிக்கிட்டே இருந்தோம், அவரும் அதையே போட்டுக்கிட்டே இருந்தாரு. டெக்கன் 8 வந்தப்பவே 32 கேரக்டர், எல்லா ஸ்ட்ரிங்கும் யாருக்கும் மனப்பாடம் ஆகாது, வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ரெண்டாவது, கை தப்புனது, ஆன்டி-ஏர் (தாவி வர்றவர அடிக்கறது) போட தெரியும் ஆனா வரல, அவரு தப்புக்கு பனிஷ் பண்ணப் போய் காம்போ (தொடர் அடி) நடுவுல விட்டுட்டோம். மூணாவதுதான் நிஜமான கெஸ், அவரு த்ரோ (புடிச்சு எறியறது, பிளாக் பண்ணா நிக்காது) போட்டாரு நாம பிளாக் பண்ணோம், நாம டெக் (த்ரோவ உடைக்கற பட்டன்) பண்ணோம் அவரு பின்னாடி போய் அடிச்சாரு. மைண்ட் கேம்னு பேர் வாங்கற தகுதி இந்த மூணாவது கூடைக்கு மட்டும்தான். முதல் ரெண்டுல தோத்துட்டு "அவன் என் மைண்ட படிச்சுட்டான்"னு சொல்றவங்கதான் ஜாஸ்தி, அவரு ஒண்ணும் படிக்கல, ஒரே ஸ்ட்ரிங்க எட்டு வாட்டி போட்டாரு.

அப்படியே ஆடறது

இதை சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, இதுக்கு பின்னாடி உருப்படியான கணக்கு இருக்கு.

எதிராளி எழுந்திரிக்கறாரு, நீங்க பக்கத்துல நிக்கறீங்க. ரெண்டே வழின்னு வெச்சுக்குவோம், ஒண்ணு த்ரோ, இன்னொண்ணு ஷிம்மி, அதாவது த்ரோ போடற மாதிரி கிட்ட வந்துட்டு டக்குன்னு பின்னாடி நடந்துடறது, அவரு டெக் பண்ண பட்டன அழுத்தியிருந்தா அவரோட த்ரோ காத்துல போகும், நமக்கு முழு காம்போ. அவருக்கும் ரெண்டு வழி, பிளாக் பண்ணிட்டு சும்மா இருக்கறது இல்லன்னா டெக். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல பெரும்பாலான கேரக்டருக்கு ஹெல்த் 10000, சாதா த்ரோ 1200 எடுக்கும். ஷிம்மி மாட்டுனா காம்போ 3000னு ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். ஜம்ப், ரிவர்சல் (எழுந்திரிக்கும்போதே திருப்பி அடிக்கறது), பேரி (வர்ற அடிய தட்டி விடறது) எல்லாம் இப்போதைக்கு மறந்துடுங்க.

இதுல எதிராளி என்ன பண்ணாலும் நமக்கு ஒரே அளவு கிடைக்கணும்னா எந்த விகிதத்துல கலக்கணும்? போட்டுப் பாத்தா 7 தடவைல 5 த்ரோ, 2 ஷிம்மி. அப்ப ஒரு தடவைக்கு சராசரியா 857 டேமேஜ் வருது, அவரு பிளாக் பண்ணாலும் சரி டெக் பண்ணாலும் சரி. அவர் பக்கத்துல இருந்து பாத்தாலும் அதே மாதிரி, 7ல 5 தடவை பேசாம த்ரோவ வாங்கிக்கணும், 2 தடவைதான் டெக் பண்ணணும். "த்ரோ வாங்கிக்கோ, ஒண்ணும் ஆகாது"ன்னு பழைய ஆளுங்க சொல்றதோட கணக்கு இதுதான். ரெண்டு பேர் மோதுற, ஒருத்தர் லாபம் இன்னொருத்தர் நஷ்டமா இருக்கற ஆட்டத்துல இந்த மாதிரி பாதுகாப்பான கலவை கண்டிப்பா இருக்கும்னு ஜான் வான் நியூமன் 1928லயே நிரூபிச்சுட்டாரு, அப்ப வீடியோ கேமே கிடையாது.

அப்படியே ஆடறதுன்னா இந்த கலவைய விடாம ஆடறது. இதோட பெரிய பலம், உங்கள யாரும் படிக்க முடியாது, ஏன்னா படிக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. எதிராளி உங்கள விட கெட்டிக்காரரா இருந்தா இதுதான் சரியான ஆப்ஷன், அவர்கிட்ட போய் மைண்ட் கேம் ஆடறது அவருக்கு புடிச்ச மைதானத்துல போய் நிக்கற மாதிரி.

இன்னொரு காரணமும் இருக்கு. முதல் கேம்ல முக்கியமான மூணு இடத்துல அவரு சரியா கெஸ் பண்ணிட்டாரு, நீங்க தோத்துட்டீங்க. ரெண்டுல ஒண்ணுன்னு இருக்கற கெஸ்ஸு மூணு வாட்டி வரிசையா சரியா விழறதுக்கு வாய்ப்பு 8ல 1. அது ஒண்ணும் அதிசயம் இல்ல, ஒரு சாயங்காலம் ஆடுனா சாதாரணமா நடக்கும். அதுக்காக நல்லா இருந்த பிளான தூக்கிப் போட்டுட்டு புதுசா எதையோ முயற்சி பண்ணி ரெண்டாவது கேமையும் விடறவங்கள பாத்தா நிஜமாவே கடுப்பா இருக்கும். அவரோட கெஸ் விழுந்துச்சு, அவ்ளோதான், உங்க ஆட்டத்துல தப்பு இல்ல.

பலவீனம்? எதிராளி தப்பா ஆடும்போது அதுல இருந்து இது ஒண்ணும் கறக்காது. மேல சொன்ன கணக்குலயே, அவரு பதட்டத்துல பாதி தடவை டெக் பண்றாருன்னு வெச்சுக்கோங்க. ஷிம்மி மட்டும் போட்டா சராசரி 1500 வரும், நீங்க கலவைய விடாம புடிச்சுட்டு அதே 857 வாங்கிட்டு இருப்பீங்க. 643 டேமேஜ ஒவ்வொரு தடவையும் கீழ போடறீங்க. முதல் கேம் போன நிலைமைல அது சின்ன தொகை இல்ல.

இன்னொரு விஷயம், மனுஷனால நிஜமாவே கலக்க முடியாது. 7ல 5னு சொன்னா நாம த்ரோ, த்ரோ, ஷிம்மி, த்ரோ, த்ரோ, ஷிம்மின்னு தாளம் போட ஆரம்பிச்சுடுவோம். ரெண்டு வாட்டி ஒரே ஆப்ஷன் தோத்தா மூணாவது வாட்டி கை தானா மாறிடும். அதனால "நான் மிக்ஸ் பண்ணி ஆடறேன்"னு சொல்றவங்கள்ல பாதி பேர் நல்லா படிக்கக் கூடிய ஆளுங்கதான். ரவுண்டு டைமரோட கடைசி இலக்கத்தை பாத்து முடிவு பண்ற ஒரு ட்ரிக் இருக்கு, 0ல இருந்து 6 வரைக்கும் இருந்தா த்ரோ, 7, 8, 9 இருந்தா ஷிம்மின்னு, கேக்க காமெடியா இருக்கும் ஆனா எதிராளியால அதை படிக்க முடியாது.

ரீட் அடிக்கறது

எதிராளி அடுத்து பண்ணப் போறதை ஊகிச்சு அதுக்கு எதிரா அடிக்கறதுதான் ரீட், எல்லாருக்கும் புடிச்சது இது. கிளிப் ஆகறதும் இதுதான். 2004 ஈவோ டோர்னமெண்ட்ல டைகோ உமேஹாராவும் ஜஸ்டின் வாங்கும் ஆடுன அந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக் மேட்ச் தெரியாதவங்க இந்தப் பக்கம் வர வாய்ப்பே இல்ல. டைகோவோட கென்னுக்கு ஹெல்த் ஏறக்குறைய காலி, பிளாக் பண்ணா கூட சிப் டேமேஜ்ல செத்துடுவாரு, ஜஸ்டின் சுன்-லீயோட சூப்பர விட்டாரு, டைகோ 15 ஹிட்டையும் பேரி பண்ணி திருப்பி அடிச்சு ரவுண்ட எடுத்தாரு. எல்லாரும் அதை ரிஃப்ளெக்ஸ்னு கொண்டாடறாங்க. என் கணக்குல அதுல ரொம்ப அழகான விஷயம் முதல் ஹிட்டுதான். சூப்பர் கிளம்புனதை கண்ணால பாத்துட்டு அப்புறம் பேரி பண்ற அளவுக்கு அங்க டைம் கிடையாது, வரும்னு முன்னாடியே எதிர்பாத்து ஜாய்ஸ்டிக்க முன்னாடி தட்டியிருக்கணும். ஒரு சிப் போதும் டைகோ செத்துடுவாரு, ஜஸ்டின் கையில சூப்பருக்கு ஃபுல் மீட்டர் இருக்கு, அவரோ பொறுமையா ஆடறதுக்கு பேர் போன ஆளு, வேற எதை விடப் போறாரு. சூழ்நிலையே ஆப்ஷன ஒண்ணா குறைச்சுடுச்சு. கொசுறா ஒண்ணு, அந்த டோர்னமெண்ட்ட டைகோ ஜெயிக்கல, ஃபைனல்ல தோத்துட்டாரு, கிளிப்ல அது வராது.

அப்ப ரீட் எப்ப அடிக்கலாம்? எதிராளி பண்றது பழக்கமா, முடிவா, ரியாக்ஷனா, இந்த மூணையும் பிரிச்சு பாக்க தெரிஞ்சா மட்டும்.

பழக்கம்னா யோசிக்காம கை பண்றது. கார்னர்ல எழுந்திரிக்கும்போது ஜம்ப் பண்றது, ரெண்டு த்ரோ வாங்குனா மூணாவது கண்டிப்பா டெக் பண்றது, ஹெல்த் கால்வாசிக்கு கீழ போனா ரிவர்சல் விடறது, நடு ஸ்கிரீன்ல ஃபயர்பால் ரெண்டு போட்டா மூணாவதுக்கு தாவறது. இதுக்கு எதிரா ரீட் அடிச்சா பணம் மாதிரி. ஆட்டோபைலட்ல ஆடற ஆளு ஒரே செட்ல அதை மாத்தறது அபூர்வம், தான் அப்படி பண்றோம்னே அவருக்கு தெரியாது.

முடிவுன்னா அந்த தடவை யோசிச்சு எடுத்தது. ஒரு வாட்டி பாத்தத வெச்சு அடுத்த வாட்டியும் அதையேதான் பண்ணுவாருன்னு சொல்ல முடியாது, சொல்லப்போனா யோசிக்கற ஆளு மாத்திதான் பண்ணுவாரு. இங்கதான் "அவரு இதை நினைப்பாரு, நான் அதை நினைக்கறதை அவரு நினைப்பாரு"ன்னு அடுக்கடுக்கா போக ஆரம்பிக்கும். நாலாவது அடுக்குல நின்னு யோசிச்சு பெரிசா ஒரு ரீட் போடுவீங்க, எதிராளி முதல் அடுக்குல கூட இருக்க மாட்டாரு, பட்டன தட்டிட்டு இருப்பாரு, அது வந்து உங்க மூஞ்சில விழும். உங்க பாச்சா பலிக்கணும்னா அது எதிராளிக்கு முதல்ல புரியணும். புதுசா ஆடறவங்ககிட்ட அனுபவசாலிங்க தோக்கற நிறைய மேட்ச் இந்த வகைதான்.

ரியாக்ஷன் தனி கேஸு. கேம் செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடுது, ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்ட். கண்ணால பாத்து விரல அசைக்க சராசரி மனுஷனுக்கு 200ல இருந்து 250 மில்லிசெகண்ட் ஆகும், அதாவது 12 முதல் 15 ஃப்ரேம், அதுவும் ஒரே விஷயத்துக்காக காத்துட்டு இருந்தா. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல டிரைவ் இம்பாக்ட்னு மெதுவா வர்ற ஒரு பலமான அடி, அது கிளம்ப 26 ஃப்ரேம் ஆகும், 430 மில்லிசெகண்டுக்கு மேல, அதுக்காக காத்துட்டு இருக்கறவரு திருப்பி டிரைவ் இம்பாக்ட் விட்டுடுவாரு. த்ரோ 5 ஃப்ரேம், அதை பாத்துட்டு தாவறதெல்லாம் நடக்காத காரியம். ஆக எதிராளி உங்க டிரைவ் இம்பாக்ட்ட மூணு வாட்டியும் அடிச்சு நொறுக்கினா அவரு உங்கள படிக்கல, பாத்துட்டு பண்றாரு. "இப்ப எதிர்பாக்க மாட்டாரு"ன்னு நாலாவது விட்டா அதுவும் போகும். அங்க செய்ய வேண்டியது அவரோட கவனத்தை பிரிக்கறது, ஒரே நேரத்துல ஜம்ப்ப பாக்கணும், ஃபயர்பால பாக்கணும், டிரைவ் ரஷ் (வேகமா பாஞ்சு வர்றது) வருதான்னு பாக்கணும்னு சுமைய ஏத்திட்டா அதே 26 ஃப்ரேம் பத்தாம போயிடும். மென்டல் ஸ்டாக்னு சொல்றாங்களே, அது.

ரீட்டோட ஆபத்து விலைல இருக்கு. ஷிம்மி தப்பா போனா நஷ்டம் பெருசா ஒண்ணும் இல்ல, பிரஷர் போச்சு அவ்ளோதான். எழுந்திரிக்கும்போது ஓவர்டிரைவ் டிபி (டிரைவ் கேஜ செலவு பண்ணி மேல எழும்பி அடிக்கற மூவ்) விட்டு அது பிளாக் ஆச்சுன்னா டிரைவ் கேஜ்ல ரெண்டு பார் போச்சு, மேல ஒரு முழு பனிஷ் காம்போவும் வாங்கணும். ரெண்டும் ரீட்தான், ரெண்டுக்கும் விலை ஒண்ணு இல்ல. முதல் கேம் தோத்த கோவத்துல கை போறது எப்பவும் ரெண்டாவது பக்கம். நான் இதை ஒரு விதி மாதிரியே வெச்சிருக்கேன், ஒரே சூழ்நிலைல ரெண்டு வாட்டி பாத்தாதான் ரீட், அதுலயும் தப்பா போனா கால்வாசி ஹெல்த் போற ரீட்டுக்கு மூணு வாட்டி பாக்கணும்.

இந்த கலவை கணக்கு ரவுண்டு முழுக்க ஒரே மாதிரியும் இருக்காது, இதை நிறைய பேர் மிஸ் பண்றாங்க. எதிராளியோட ஹெல்த் 1000க்கு வந்துடுச்சுன்னு வைங்க. இப்ப த்ரோவும் கொல்லும், ஷிம்மி காம்போவும் கொல்லும், ரெண்டுக்கும் மதிப்பு ஒண்ணு. 5க்கு 2 இருந்த கலவை பாதிக்குப் பாதி ஆயிடும். அதாவது அதுவரைக்கும் "த்ரோ வாங்கிக்கோ"ன்னு இருந்தவரு இனிமே பாதி தடவை டெக் பண்ணியாகணும். ஆனா பயத்துல ஆளுங்க பாதில நிக்க மாட்டாங்க, ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் டெக் பண்ணுவாங்க. அப்ப ஷிம்மி. ரவுண்டு முழுக்க ஒரே ஒரு ரீட்தான் அடிக்கலாம்னு சொன்னா நான் இந்த இடத்துக்குதான் வெச்சிருப்பேன்.

பழக்கி மாட்ட வைக்கறது

கண்டிஷனிங். ரீட்னா இருக்கற பழக்கத்தை கண்டுபுடிக்கறது, இதுல இல்லாத பழக்கத்தை நாமளே விதைக்கறோம். லைட் பஞ்ச் ரெண்டு பிளாக் ஆன பிறகு கொஞ்சம் முன்னாடி நடந்து த்ரோ, இதை ரெண்டு வாட்டி காட்டுங்க, மூணாவது வாட்டி அதே மாதிரி லைட் பஞ்ச் ரெண்டு, இந்த தடவை த்ரோவுக்கு பதிலா சின்ன இடைவெளி விட்டு மீடியம், அவரு டெக் பண்ண அழுத்துன பட்டன் மேலயே கவுண்டர் ஹிட் விழும்.

கேக்க சூப்பரா இருக்கும், ஆனா இது முதலீடு. முதல் ரெண்டு தடவை போட்டதுக்கு பலன் மூணாவதுலதான் வரும், அந்த மூணாவது வரணும்னா ரவுண்டு மிச்சம் இருக்கணும். கேம் ஒண்ணு தோத்துட்டு ரெண்டாவது கேமோட ரெண்டாவது ரவுண்டுல போய் விதை போட ஆரம்பிச்சா அறுவடைக்கு யாரும் இருக்க மாட்டாங்க. அதனால கண்டிஷனிங்க ஆரம்பிக்க வேண்டிய இடம் முதல் கேமோட முதல் ரவுண்டு, தோத்த பிறகு கையில எடுக்கற ஆயுதமா இது கொஞ்சம் லேட்.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் கேம்ல நீங்க தெரியாமலே எதையோ விதைச்சிருப்பீங்க. ஒவ்வொரு நாக்டவுனுக்கு (அவர கீழ விழ வெச்சதுக்கு) அப்புறமும் த்ரோவே போட்டீங்கன்னா எதிராளி மனசுல "இவரு த்ரோ ஆளு"ன்னு பதிஞ்சிருக்கும், தோத்தது தோத்ததுதான் ஆனா அந்த பிம்பம் இலவசமா கிடைச்ச சொத்து. ரெண்டாவது கேம்ல முதல் நாக்டவுனுக்கே ஷிம்மி போடுங்க. முதல் கேம்ல எதிராளி பண்ணதை யோசிக்கறதை விட, நாம அவருக்கு எப்படி தெரிஞ்சிருப்போம்னு யோசிக்கறது பல சமயம் சீக்கிரம் பலன் குடுக்கும். இதை யாருமே பண்றதில்ல.

இதுவும் கவனிக்கற ஆளுகிட்டதான் எடுபடும். நீங்க காட்டுனதை அவரு பாக்கவே இல்லன்னா விதை பாறைல விழுந்தது.

வேகத்தை மாத்தறது

இதுல சொல்ல பெருசா இல்ல, ஆனா செலவே இல்லாத ஆப்ஷன் இது ஒண்ணுதான். முன்னாடி போய் போய் அடி வாங்குனீங்கன்னா ஒரு ரவுண்டுக்கு பின்னாடி நடங்க, பட்டன தொடாதீங்க, எதிராளி என்ன பண்றாருன்னு பாருங்க. எப்பவும் வாங்கிட்டே இருந்தா முதல் பத்து செகண்டு நீங்க போய் மேல விழுங்க. 2018 ஈவோ டிராகன் பால் ஃபைட்டர்ஸி ஃபைனல்ல கோ1ங்கற பிளேயர் முதல் செட்ட ஜெயிச்சு பிராக்கெட்ட ரீசெட் பண்ணி (இன்னொரு செட் ஆட வெச்சு) முழு வேகத்துல வந்துட்டு இருந்தாரு, சோனிக்ஃபாக்ஸ் அந்த இடத்துல சைட் மாத்தணும்னு கேட்டு மாத்திக்கிட்டாங்க, அதுக்கப்புறம் ஆடி ஜெயிச்சாங்க. உக்காந்த இடம் மாறுனதாலதான் ஜெயிச்சாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா நடுவுல கிடைச்ச அந்த இடைவெளி யாருக்கு தேவைப்பட்டுச்சுன்னு பாக்கறவங்களுக்கே தெரியும். ரூல்ஸ்ல அனுமதி இருக்கற எல்லா இடைவெளியையும் எடுத்துக்கோங்க, ஆன்லைன்ல ரீமேட்ச் பட்டன உடனே அழுத்தணும்னு கட்டாயம் எதுவும் கிடையாது, கவுண்ட்டவுன் ஓடட்டும்.

கேரக்டர மாத்தறது

டோர்னமெண்ட்ல வழக்கமான ரூல் என்னன்னா ஜெயிச்சவரு அதே கேரக்டரோட இருக்கணும், தோத்தவரு மாத்திக்கலாம். ஆக தோத்ததுக்கு கிடைச்ச ஒரே சலுகை இது, அதை யூஸ் பண்ணாம விடறது வேஸ்ட்டுன்னு ஒரு கட்சி இருக்கு. 2018 ஈவோல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 ஜெயிச்ச பிராப்ளம் எக்ஸ்ங்கற பிளேயர் பைசன் கேரக்டரோட அபிகெயிலையும் கையில வெச்சிருந்தாரு. டெக்கன்ல கொரியாவோட "நீ" (Knee)ங்கற பிளேயர் எத்தனையோ கேரக்டர் ஆடுவாரு. அவங்களுக்கு சரி, ரெண்டாவது கேரக்டரும் முதலாவதுக்கு பக்கத்துல இருக்கு.

நமக்கு? ரெண்டாவது கேரக்டர்னு சொல்றோமே, அதை கடைசியா எப்ப ஆடுனோம்? மேட்ச்அப் (அவரோட கேரக்டருக்கு எதிரா உங்க கேரக்டரோட நிலைமை) 6க்கு 4 மோசம்னு வெச்சாலும், உங்க ரெண்டாவது கேரக்டர் மெயின விட அதுக்கு மேல பலவீனமா இருந்தா மாத்தறது நஷ்டம். நிஜமாவே தெரியாம வாங்குன அடின்னா, அதாவது மேல சொன்ன முதல் கூடைன்னா, அதுவும் தூரத்துல இருந்தே ஃபயர்பால் போட்டு உங்க கேரக்டர் கிட்டயே வர முடியலன்னா மாத்தறதுல அர்த்தம் இருக்கு.

பெரிய ஏமாத்து எதுன்னா, கேரக்டர் மாத்துனா எதிராளி உங்கள பத்தி கத்துக்கிட்டதெல்லாம் அழிஞ்சுடும்னு நினைக்கறது. அழியாது. கார்னர்ல தாவற பழக்கம் உங்க விரல்ல இருக்கு, கென்ன விட்டுட்டு கைல் (Guile) கேரக்டர எடுத்தாலும் அதே இடத்துல தாவுவீங்க. எதிராளி அந்த ஒண்ண புடிச்சு வெச்சிருந்தா அவருக்கு நீங்க எந்த கேரக்டர்ல வந்தாலும் ஒண்ணுதான். போதாததுக்கு உங்க காம்போ டேமேஜும் இப்ப கம்மி. மூணாவது கூடைல தோத்தவங்க கேரக்டர் மாத்தறதால ஒண்ணும் கிடைக்காதுங்கறது இதனாலதான்.

அப்ப எதை எடுக்கறது

என் வரிசை இது, ஒத்துக்காதவங்க இருப்பாங்க, பரவாயில்ல.

தெரியாம வாங்குன அடின்னா மைண்ட் கேம் எல்லாம் மூட்டை கட்டிட்டு அந்த ஒரே ஒரு ஸ்ட்ரிங்குக்கு பதில் கண்டுபுடிங்க. குனிஞ்சு பாருங்க, நடுவுல லைட் பஞ்ச் விட்டு பாருங்க, ஒரு ரவுண்டு அதுக்கே செலவானாலும் பரவாயில்ல, ஏன்னா பதில் கிடைக்காத வரைக்கும் அவரு நிறுத்தப் போறதில்ல, அவரு நிறுத்தணும்னு என்ன அவசியம். கை தப்புனதுன்னா வேகத்தை குறைங்க, கஷ்டமான காம்போவ விட்டு வர்ற காம்போவ மட்டும் போடுங்க, வேற எதையும் மாத்தாதீங்க.

கெஸ்ல தோத்ததுன்னா கேள்வி ஒண்ணுதான், எதிராளிகிட்ட ஒரு பழக்கம் கண்ணுல பட்டுச்சா இல்லையா. பட்டுச்சுன்னா அந்த ஒரு சூழ்நிலைக்கு மட்டும் ரீட், மத்த எல்லா இடத்துலயும் பழைய கலவை. மூணு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது, மூணாவது கேமுக்கு போகும்போது கையில ஒண்ணும் இருக்காது. படலன்னா அப்படியே ஆடுங்க, முன்ன விட கொஞ்சம் மெதுவா, ரெண்டாவது கேமோட முதல் ரவுண்டுல ஒரே ஒரு சூழ்நிலைய மட்டும் கவனிங்க. நான் பாக்கறது எழுந்திரிக்கும்போது என்ன பண்றாருங்கறதை, ஏன்னா அது ரவுண்டுக்கு ரெண்டு மூணு வாட்டியாவது வரும், மனுஷனுக்கு பதட்டம் வெளிய தெரியற இடமும் அதுதான்.

ரீட் விழுந்து ரெண்டாவது கேம எடுத்துட்டீங்கன்னா அங்க ஒரு சிக்கல் ஆரம்பிக்கும். இப்ப தோத்தது அவரு, இந்த கட்டுரைல இருக்கற அஞ்சு ஆப்ஷனும் இப்ப அவர் கையில. ஜெயிச்ச ரீட்டையே மூணாவது கேம்லயும் நம்பி போறவங்கதான் அதிகம். என்னை கேட்டா மூணாவது கேமோட முதல் நாக்டவுன்ல அந்த ரீட்ட போடாம சும்மா பிளாக் பண்ணிட்டு நின்னு பாருங்க. பழைய மாதிரியே டெக் பண்ணாருன்னா ஆளு ஆட்டோபைலட், அடுத்த தடவைல இருந்து ஷிம்மிய எடுத்து விடுங்க. ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தா அவரு சுதாரிச்சுட்டாரு, த்ரோ போட்டு 1200 1200ஆ கழிங்க.

நீள செட்டுக்கு இந்த வரிசை செல்லாது. 2018ல கெமோனோமிச்சி 2ங்கற நிகழ்ச்சில டைகோவும் டோகிடோவும் ஃபர்ஸ்ட் டு டென் ஆடி டைகோ 10க்கு 5னு எடுத்தாரு, அந்த மாதிரி செட்ல ஒரு கேம் போறது விலை ரொம்ப கம்மி, அதனால கண்டிஷனிங் மேல வரும், ஒரு முழு கேமையே எதிராளிய சோதிக்க செலவு பண்ணலாம். ஆன்லைன்ல ஒரே ஆளு அடுத்த வாரம் திரும்ப மாட்டுனா அதையும் நீள செட்டோட தொடர்ச்சியா எடுத்துக்கறது நல்லது, ஆனா போன வாரம் பாத்த பழக்கத்தை நம்பி முதல் ரவுண்டுலயே பெரிய ரீட் வேண்டாம், நடுவுல அவரும் ரீப்ளே பாத்திருப்பாரு.